காணியும் மைதானமும்

2010ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், மீளக்குடியேறிக் கொஞ்ச நாளே ஆன ஒரு வன்னிக் கிராமத்தில், பின்னேரப் பொழுதொன்றில் பெடியள் உதைபந்து அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாடசாலைக்குக் கூரை இல்லை, தறப்பாள்தான். கோல் கம்பத்துக்குப் பதிலாக இரண்டு பனங்குற்றிகள். மைதானத்தின் மூன்று பக்கமும் சுண்ணாம்புக் கோடு; தெற்குப் பக்கம் மட்டும் மஞ்சள் நாடா. அந்த நாடாவில் இடைக்கிடை சிவப்புத் தகடு, தகட்டில் மண்டையோடு. யாரோ ஓங்கி அடித்த பந்து நாடாவைத் தாண்டிப் பற்றைக்குள் உருண்டது. ஒருவரும் பின்னால் ஓடவில்லை. ஒருவன் நீளமான மூங்கில் தடியொன்றை எடுத்து வந்தான். நுனியில் வளைத்த கம்பி. நாடாவுக்கு இப்பால் வயிறு மண்ணில் படக் கிடந்து துழாவிப் பார்த்தான். எட்டவில்லை. எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு வேறொரு பழைய பந்தை எடுத்து வந்தார்கள். பற்றைக்குள் அதற்கு முன்பே மூன்று பந்துகள் வெயிலில் வெளிறிக் கிடந்தன.

அதே மாதங்களில் தெற்கே, அம்பாந்தோட்டை மாவட்டத்தின் சூரியவெவயில், 35,000 பேர் இருந்து பார்க்கக்கூடிய துடுப்பாட்ட அரங்கொன்றின் வேலை இரவு பகலாக நடந்துகொண்டிருந்தது. 2011 உலகக் கிண்ணத்துக்காகக் காட்டை வெட்டிக் கட்டிய அரங்கு அது. அப்போது நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவரின் பெயரே அதற்கு. 2011 பெப்ரவரி 20 அன்று இலங்கையும் கனடாவும் அங்கே ஆடின. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அன்றைக்கும் ஆயிரக்கணக்கான வன்னிச் சனம் தறப்பாளுக்குள் இருந்தது.

வளரும் நாடொன்றுக்குப் பெரிய விளையாட்டு விழா நன்மையா தீமையா என்ற கேள்வியை உலகம் பெரும்பாலும் விழா நடக்கும் நகரத்தில் நின்றே கேட்கிறது. குடிசைகளை இடித்தார்களா, தொழிலாளிக்குக் கூலி கொடுத்தார்களா, விழா முடிந்தபின் அரங்கு என்ன ஆயிற்று என்று. நியாயமான கேள்விகள். ஆனால் வன்னியில் நின்று பார்த்தால் கேள்வி வேறு பக்கத்தால் வருகிறது. இங்கே எந்த உலக விழாவும் நடக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு விழாவும் எங்களைத் தொட்டுத்தான் போயிருக்கிறது. அரச பணம் திரும்பிய திசையில் தொட்டது. போர் முடிந்த நாடு உலகத்துக்குக் காட்ட விரும்பிய முகத்தில் தொட்டது. கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போன தம்பிமாரில் தொட்டது. மைதானம் திருத்தத் தோண்டிய இடத்தில் வந்த எலும்பில் தொட்டது.

என் எண்ணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். வன்னிக்கு மைதானம் வேண்டும், பெரிய மைதானமும் வேண்டும். ஆனால் எந்த மைதானமும் முதலில் ஒரு காணி. அந்தக் காணி யாருடையது, அதன் கீழே யார் கிடக்கிறார்கள், அதன் கடனை யார் கட்டப்போகிறார்கள் என்பது தீர்ந்த பிறகுதான் அதில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். எங்கள் நாட்டில் இந்த ஒழுங்கு எப்போதும் தலைகீழாகவே நடந்திருக்கிறது.

2011 நவம்பர் 11ஆம் திகதி கரீபியன் தீவான சென் கிற்ஸின் தலைநகர் பாசெற்றேயில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. 2018ஆம் ஆண்டின் பொதுநலவாய விளையாட்டு விழா அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டுக்கா, அம்பாந்தோட்டைக்கா என்பது கேள்வி. கோல்ட் கோஸ்ட் 43 வாக்கு, அம்பாந்தோட்டை 27. விண்ணப்பக் குழுவின் தலைமையில் மத்திய வங்கியின் ஆளுநரே இருந்தார். அதை இன்றைக்கு நினைக்கும்போது வயிறு கலங்குகிறது. நாட்டின் கடனுக்கும் கையிருப்புக்கும் பொறுப்பான ஆள், துறைமுகமும் விமான நிலையமும் விளையாட்டு நகரமும் ஒரே மாவட்டத்தில் கடனுக்கு எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், இன்னும் பெரிய விழாவொன்றைக் கொண்டுவரக் கடல் கடந்து போயிருந்தார். அந்த வாக்கெடுப்பு முடிந்து சில நாளில், அதே நவம்பரில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு தன் அறிக்கையை ஜனாதிபதியிடம் கொடுத்தது. அந்த ஆணைக்குழு கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தபோது தாய்மார் பிள்ளைகளின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி வரிசையில் நின்று சாட்சி சொன்னார்கள். ஒரே மாதத்தில் நாடு உலகத்திடம் இரண்டு முகத்தோடு நின்றது. விழாவைக் கேட்ட முகத்தில்தான் பணமும் ஆர்வமும் இருந்தது.

அம்பாந்தோட்டை தோற்றது நல்லதா என்று கேட்பவர்களுக்குப் பிறகு நடந்தவற்றைச் சொன்னால் போதும். 2011 உலகக் கிண்ணத்துக்கு அரங்குகளைக் கட்டியதில் கிரிக்கெட் நிறுவனம் பெருங்கடனில் விழுந்தது. இறுதிப் போட்டி வரை போன அணியின் வீரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்க முடியாமல் போயிற்று. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த வருடம் இலங்கையில் நடக்கவிருந்த ஆசியக் கிண்ணம் ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு மாறியது. கடன் வாங்கிய காலத்தில் வன்னிக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஆனால் கடன் முறிந்தபோது மண்ணெண்ணெய் வரிசையில் வன்னிச் சனமும் நின்றது. முல்லைத்தீவுக் கரையில் வள்ளங்கள் மண்ணில் ஏறிக் கிடந்தன. நெல்லு விதைத்தவனுக்கு உரம் இல்லை. கடன் சுமை வந்த நேரத்தில் மட்டும் நாடு எங்களைத் தன்னோடு சரிசமமாகச் சேர்த்துக்கொண்டது.

இது இலங்கையோடு மட்டும் நிற்கிற கதையும் இல்லை. தென்னாபிரிக்காவின் டர்பன் நகரம் 2022 பொதுநலவாய விழாவை எடுத்துவிட்டு, செலவுக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாமல் 2017இல் அதை இழந்தது. விழா பர்மிங்காமுக்குப் போனது. பணக்கார அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமே 2026 விழாவைச் செலவு கட்டுப்படியாகாது என்று 2023 ஜூலையில் கைவிட்டது. பணக்கார மாநிலத்துக்குக் கைவிட முடிகிறது. கடனாளி நாடோ மானத்துக்குப் பயந்து பிடித்துக்கொண்டே நிற்கிறது. அந்த மானத்தின் விலையைக் கூப்பன் கடை வரிசையில் நிற்கிறவர்கள் கட்டுகிறார்கள்.

டில்லி 2010ஐத் தமிழ் வாசகர்கள் நன்றாக அறிவார்கள். விழாவுக்காக ஏழைகளின் குடியிருப்புகள் அகற்றப்பட்டன. கட்டட வேலைக்கு வந்தவர்களின் கூலியும் பாதுகாப்பும் டில்லி உயர் நீதிமன்றம் வரை வழக்காகப் போயின. விழா தொடங்குவதற்கு இரண்டு கிழமைக்கு முன் நேரு அரங்குக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து 27 பேர் காயப்பட்டார்கள். அந்த விழாவின் நிறைவு நாளில் எங்கள் நாட்டு ஜனாதிபதி சிறப்பு விருந்தாளியாக மேடையில் இருந்தார். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து பதினேழு மாதம். மெனிக் பாமில் இருந்தவர்கள் இதைக் கேள்விப்பட்டபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. விளையாட்டு மேடை ஆட்களுக்கு எவ்வளவு சுளுவாகப் புது முகம் கொடுத்துவிடுகிறது என்பதற்கு இதைவிடக் கிட்டிய சாட்சி எனக்குத் தெரியாது.

ரியோ 2016இன் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கம். ஒலிம்பிக் பூங்காவின் விளிம்பில் விலா ஆட்டோட்ரோமு என்றொரு குடியிருப்பு. ஏறக்குறைய 600 குடும்பங்கள் இருந்தன. இழப்பீடு, மாற்று வீடு, மிரட்டல், புல்டோசர் என்று எல்லா வழியாலும் கிளப்பினார்கள். கடைசியில் 20 குடும்பங்கள் மட்டும் அசையாமல் இருந்தன. விழா தொடங்கும்போது அவர்களுக்கு அதே மண்ணிலேயே புது வீடு கட்டிக் கொடுக்க வேண்டி வந்தது. இதை முதல்முறை வாசித்தபோது எனக்குக் கேப்பாப்புலவுதான் கண்ணில் வந்தது.

கேப்பாப்புலவைப் பற்றி ஆறுதலாகவே சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் கடைசியில் மெனிக் பாம் மூடப்பட்டது. முகாமை மூடிவிட்டோம், இடம்பெயர்ந்தோர் பிரச்சினை முடிந்தது என்று உலகத்துக்குச் சொல்லப்பட்ட நாள் அது. கடைசியாக பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களில் கேப்பாப்புலவுச் சனமும் இருந்தது. பஸ் அவர்களின் ஊருக்குப் போகவில்லை. ஊரில் இராணுவத் தலைமையகம் இருந்தது. சீனியாமோட்டையில் காடு வெட்டிய துண்டொன்றில் இறக்கிவிட்டார்கள், மாதிரிக் கிராமம் என்று பெயர். நந்திக்கடலை நம்பி வாழ்ந்த சனம், தங்கள் தென்னையும் கிணறும் கம்பிவேலிக்கு அங்கால் தெரிய, இங்கால் குடியிருந்தது. 2017 ஜனவரி 31 அன்று பக்கத்துப் பிலக்குடியிருப்பு ஆட்கள் விமானப்படை முகாமுக்கு முன்னால் பாயை விரித்து இருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் பாடசாலைப் பைகளோடு அங்கேயே கிடந்தார்கள். ஒரு மாதம். மார்ச் 1 அன்று அந்தக் காணி விடுபட்டது. அன்றைக்கே கேப்பாப்புலவு ஆட்கள் தங்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த வருட முடிவில், டிசம்பர் 28 அன்று, 133 ஏக்கர் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

ஒரு விளையாட்டு அரங்கும் இல்லாத ஊர் இதற்குள் ஏன் வருகிறது என்று கேட்கலாம். ரியோவில் காணியை எடுத்தது விழா, இங்கே எடுத்தது இராணுவம். ஆனால் காரணம் சொல்கிற முறை ஒன்றுதான்: பொதுத் தேவை, நாட்டின் நன்மை, மாற்றுக் காணி தருகிறோம், நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள். வன்னியில் பொதுத் தேவை என்ற சொல்லைக் கேட்டாலே சனம் முதலில் வேலியைத் தடவிப் பார்க்கும். நாளைக்கு இங்கே ஒரு பெரிய அரங்கு வருகிறது என்று யாராவது வரைபடத்தோடு வந்தால், சந்தோசத்துக்கு முன்னம் சந்தேகம் வருவது அதனால்தான். அந்தச் சந்தேகத்தைப் பின்தங்கிய புத்தி என்று சொல்லும் அதிகாரிகளை நான் சந்தித்திருக்கிறேன். காணி உறுதியைக் கோழிக் கூட்டுக்குக் கீழே கிடங்கு வெட்டித் தாட்டுவைத்துவிட்டு ஓடி, திரும்பி வந்து அதே இடத்தைக் கிண்டித் தேடிய சனம் இது. பொலித்தீன் பைக்குள் உக்கிப்போன கடதாசியை வெயிலில் விரித்துக் காயவிட்டதை நான் என் கண்ணால் கண்டேன். மையெல்லாம் ஊறி, ஒரு முத்திரையும் பாதிப் பெயரும்தான் மிஞ்சியிருந்தன.

கட்டார் 2022க்கு வருவோம். வளைகுடாவில் எழும்பிய அரங்குகளையும் மெட்ரோவையும் ஹோட்டல்களையும் தெற்காசியக் கைகள்தான் கட்டின. 2021 பெப்ரவரியில் லண்டன் கார்டியன் பத்திரிகை ஒரு கணக்கைப் போட்டது. விழா கட்டாருக்குக் கிடைத்த காலத்திலிருந்து அதுவரை, இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்காளதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளில் இருந்து போனவர்களில் 6,500 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அதில் இலங்கையர் 557 பேர். இது எல்லாக் காரணத்தாலும் நடந்த மரணங்களின் தொகை. எல்லோரும் அரங்கு வேலையில் இறந்தவர்கள் இல்லை. ஆனால் பெரும்பாலான சான்றிதழ்களில் இயற்கை மரணம் என்று எழுதி, உடலைச் சோதிக்காமலே பெட்டியில் அனுப்பினார்கள் என்பதுதான் மனதைப் பிசைகிறது. விழா நடந்துகொண்டிருக்கும்போதே கட்டாரின் ஏற்பாட்டுக் குழுச் செயலாளர் நாயகம் 400க்கும் 500க்கும் இடையில் இறந்திருக்கலாம் என்று வாய்விட்டுச் சொன்னார். போரில் தப்பிய வன்னிக் குடும்பங்களில் வெளிநாட்டு முகவருக்குக் கட்டக் காப்பு அடகு வைத்து, நுண்கடன் எடுத்து, மூத்தவனை விமானம் ஏற்றாத வீடு குறைவு. ஐம்பது பாகை வெயிலில் கம்பி கட்டியவன் அந்த அரங்குக்குள் ஒரு ஆட்டமும் பார்த்திருக்க மாட்டான்.

ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். கட்டாரைப் பற்றி உலகம் போட்ட கூச்சல் வீண் போகவில்லை. கட்டாரில் முதலாளியின் அனுமதி இல்லாமல் வேலை மாற முடியாது என்றிருந்த சட்டம் 2020இல் தளர்ந்தது, 2021 மார்ச்சில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால் என்று சட்டமானது. பீஃபாவும் 2017இல் மனித உரிமைக் கொள்கை என்று ஒன்றை எழுதிக்கொண்டது. ஒலிம்பிக் குழு, 2024 விழாவிலிருந்து நகரங்களோடு செய்யும் ஒப்பந்தத்தில் மனித உரிமை விதிகளைச் சேர்த்தது. காகிதத்தில் உள்ளது நிலத்தில் எவ்வளவு என்பது வேறு கதை. ஆனாலும் விழா ஒன்று இல்லாவிட்டால் அந்தத் தொழிலாளிகளை உலகம் திரும்பிப் பார்த்திருக்காது. விழாவின் வெளிச்சம் சில நேரம் மூலைக்கும் எட்டும். கொழும்பில் 2013 நவம்பரில் பொதுநலவாயத் தலைவர்கள் மாநாடு நடந்ததே, அது விளையாட்டு விழா இல்லை, ஆனாலும் அதே வகை வெளிச்சம். அந்தக் கிழமையில்தான் பிரித்தானியப் பிரதமர் யாழ்ப்பாணம் வந்து முகாமில் இருந்த சனத்தோடு பேசினார். அதே கிழமையில்தான் சனல் 4 செய்தியாளர்கள் கிளிநொச்சிக்கு ரயிலில் வர, அநுராதபுரத்தில் தண்டவாளத்தில் ஆட்கள் நின்று மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். வெளிச்சம் அநுராதபுரத்தோடு நின்றது.

புறக்கணிப்பு சரியா என்ற வழக்கையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் எங்கள் பெயரால்தான் அது நடந்தது. 2012 செப்டம்பரில் சென்னையில் விளையாட வந்த கொழும்புப் பாடசாலை உதைபந்தாட்டப் பிள்ளைகளைத் தமிழக முதல்வர் ஜெயலலிதா திருப்பி அனுப்பினார். 2013இல் சென்னையில் நடக்க இருந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியை, இலங்கை அணி வருவதால் நடத்த முடியாது என்றார். போட்டி பூனாவுக்குப் போனது. அந்த வருட ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடவில்லை. அதே காலத்தில் அவுஸ்திரேலியாவில் ட்ரெவர் கிராண்ட் என்ற மூத்த விளையாட்டுப் பத்திரிகையாளர் இலங்கை அணியைப் புறக்கணிக்கச் சொல்லி மைதான வாசலில் நின்றார். தென்னாபிரிக்க நிறவெறி ஆட்சிக்கு எதிராக விளையாட்டுப் புறக்கணிப்பு வேலை செய்தது என்பதே அவர்களுக்குப் பலம். கிராண்டின் மனதை நான் மதிக்கிறேன். ஆனால் பாடசாலைப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிய செய்தியை வாசித்தபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை. பந்து அடிக்க வந்த பிள்ளையிடம் யாரும் கணக்குத் தீர்க்கக் கூடாது. அரசைத் தடுக்கிற புறக்கணிப்பு வேறு, பிள்ளையைத் தடுக்கிறது வேறு. அந்த வித்தியாசத்தை வன்னித் தாய்மாரிடம் கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள்.

நல்லிணக்கப் போட்டிகள் என்று ஒன்று வந்தது. முத்தையா முரளிதரனின் பெயரில் 2012இல் தொடங்கிய துடுப்பாட்டச் சுற்று, கிளிநொச்சி, மாங்குளம் போன்ற இடங்களுக்குத் தெற்கின் பெரிய பாடசாலை அணிகளைக் கொண்டுவந்தது. சீனிகமையில் சுனாமிக்குப் பிறகு நல்ல வேலை செய்த ஃபவுண்டேஷன் ஒப் குட்னஸ் அமைப்பு அதன் பின்னால் நின்றது. மாங்குளத்தில் பெரிய விளையாட்டு வளாகம் அமைக்கவும் திட்டம் போட்டார்கள். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். மென்பந்து மட்டுமே பிடித்த வன்னிப் பெடியன் முதல்முறை கடினபந்தைக் கையில் உருட்டிப் பார்த்ததும், காலியிலிருந்து வந்த பெடியன் ஒருவன் தன் துடுப்பை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனதும் நடந்த காரியங்கள். ஆனால் நல்லிணக்கம் என்ற சொல்லின் பாரத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் தோளில் ஏற்றிவிட்டுப் பெரியவர்கள் கைகழுவியதுதான் வருத்தம். பிள்ளைகள் தங்கள் பங்கைச் செய்தார்கள். அந்த ஆட்டங்களைப் பார்க்க வந்த தாய்மாரில் சிலர், 2017 பெப்ரவரி 20ஆம் திகதி முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் பந்தலில் இருந்தவர்கள். அவர்களில் பலர் பதில் தெரியாமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

இனி மண்ணுக்குக் கீழே உள்ளதைப் பற்றி. 1999 ஏப்ரலில் யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கைத் திருத்தத் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வந்தன. அதே அரங்கை இந்திய உதவியோடு புதுப்பித்து, 2016 ஜூன் 18 அன்று, புதுடில்லியிலிருந்து காணொளியில் இந்தியப் பிரதமர் மோடியும் இங்கிருந்து அன்றைய ஜனாதிபதி சிறிசேனவும் திறந்து வைத்தார்கள். யோகாசனம் செய்தார்கள். எலும்புகளைப் பற்றி அன்று பேச்சு எழவில்லை. 2023 ஜூன் 29 அன்று முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் தாழ்க்கத் தோண்டிய இடத்தில் எலும்பும் உடுப்பும் கிளம்பின. அடுத்த வருடம் ஜூலையில் அகழ்வு முடியும்போது 52 எலும்புக்கூடுகள். 2025 பெப்ரவரியில் செம்மணியடிச் சிந்துபாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காகத் தோண்டினார்கள். அந்த வருடம் செப்டம்பருக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், ஒன்றின் பக்கத்தில் பிள்ளையின் நீலப் பாடசாலைப் பை. மைதானம், குழாய், மயானக் கட்டடம். அபிவிருத்திக்கென்று மண்வெட்டி இறங்கிய மூன்று இடத்திலும் ஆட்கள் கிடந்தார்கள். வேறு நாட்டில் சுற்றுச்சூழல் அறிக்கை எடுத்துவிட்டு அத்திவாரம் வெட்டுவார்கள். எங்கள் மண்ணில் அதோடு இன்னுமொரு அறிக்கையும் வேண்டும்: இந்த இடத்தில் எந்த வருடம் எந்தப் படை இருந்தது, இங்கே கடைசியாகக் காணப்பட்டவர்கள் யார் என்று ஊராரைக் கேட்டு எழுதும் அறிக்கை. கேட்டால் சொல்ல ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இன்னும் பத்து வருடம் போனால் இருக்க மாட்டார்கள்.

இந்தக் கேள்வி இப்போது அவசரமாகிவிட்டது. 2025 செப்டம்பர் 1 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, யாழ்ப்பாணத்துக்கு எதிரே கடலேரிக்கு அங்கால் உள்ள மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட அரங்குக்கு அடிக்கல் நட்டார். அடுத்த சில நாள் வரை செம்மணியில் அகழ்வு நடந்துகொண்டிருந்தது. வடக்கில் இப்படியொரு அரங்கு வருவது இதுவே முதல் தடவை. 2020 முதல் லங்கா பிறீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரைச் சுமந்த அணி நான்கு முறை கிண்ணம் எடுத்திருக்கிறது, ஆனால் ஒரு ஆட்டமும் யாழ்ப்பாணத்தில் ஆடவில்லை. 2026 ரி20 உலகக் கிண்ணத்தின் இலங்கை ஆட்டங்களுக்கும் கொழும்பும் பல்லேகலயும்தான் ஒதுக்கப்பட்டன. ஆகவே மண்டைதீவு அரங்கைச் சனம் விரும்புவதில் பிழை இல்லை. கிளிநொச்சிப் பெடியனுக்கு ஏ9 வீதியால் ஒன்றரை மணித்தியாலத்தில் போய் உலக வீரரைப் பார்க்கலாம் என்றால் எனக்கும் அது ஆசைதான். ஆனால் அந்தத் தீவு தாழ்ந்த நிலம், சதுப்பும் கண்டலும் பறவையும் உள்ள நிலம் என்று சூழல் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். 1990இல் தீவகத்தை இராணுவம் பிடித்தபோது பிடித்துக்கொண்டு போனவர்களைத் தேடும் உறவுகள் மண்டைதீவுக் கிணறுகளைக் கிண்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு அரங்கைக் கட்டினால் அது எங்களுடைய அரங்கு. சொல்லாமல் கட்டினால் சூரியவெவயில் கட்டியதுபோல இன்னொன்று.

வன்னியில் விளையாட்டுக்கு என்ன குறை? ஆட்களுக்குக் குறை இல்லை. வட்டக்கச்சிப் பக்கம் மாட்டுவண்டிச் சவாரி நடக்கும் நாளில் திரளும் சனத்தைப் பார்த்தால் தெரியும். ஒட்டுசுட்டான் பக்கத்துக் கரிப்பட்டமுறிப்பைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி 2022 ஜனவரியில் பாகிஸ்தானில் குத்துச்சண்டையில் தங்கம் எடுத்தார். முள்ளியவளை அகிலத்திருநாயகி எழுபத்திரண்டு வயதில் 2023 நவம்பரில் பிலிப்பைன்ஸில் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்றார். இரண்டு பேரையும் வரவேற்க மாலையோடு போனவர்கள், போவதற்கு முன் விமானச் சீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் யாரிடம் கேட்டார்கள் என்பதையும் விசாரித்திருக்க வேண்டும்.

இன்னொரு காரியம் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. 2021இல் டோக்கியோ பராலிம்பிக்கில் இலங்கையின் முதல் தங்கம், ஈட்டி எறிதலில், உலக சாதனையோடு, தினேஷ் பிரியந்த ஹேரத்துக்குக் கிடைத்தது. இராணுவ வீரர். 2008இல் வன்னிப் போர்முனையில் கையில் காயப்பட்டவர். காயப்பட்ட வீரர்களுக்கென்று இராணுவம் பரா விளையாட்டு நடத்துகிறது, பயிற்றுநர் வைக்கிறது, அதனால் ஒரு மனிதன் உடைந்த இடத்திலிருந்து எழும்பினான். அந்த எழுச்சியை நான் மனதார வணங்குகிறேன். அதே போர்முனையில், அதே மாதங்களில், காலையும் கையையும் இழந்த வன்னிச் சனம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. செல் துண்டு முதுகில் கிடக்கும் பிள்ளைகள் இப்போது இளைஞர்கள். சக்கர நாற்காலி ஓட்டமோ, அமர்ந்து ஆடும் கரப்பந்தோ ஆட அவர்களுக்கு வன்னியில் ஒரு சீமெந்துத் தளம் கண்டுபிடிப்பது கஷ்டம். உரிமை என்ற சொல்லை ஜெனீவாவில் பேசும்போது பெரிதாகக் கேட்கிறது. இங்கே அதன் உருவம் ஒரு சரிவுப் பாதை, பொருந்துகிற செயற்கைக் கால், மாதம் இருமுறை வரும் பயிற்றுநர்.

ஒரு சர்வதேச அரங்கின் செலவில் வன்னி மாவட்டங்கள் எங்கும் ஊர் ஊராக மைதானங்களைத் திருத்தலாம், வெளிச்சம் போடலாம், பிள்ளைகள் உடுப்பு மாற்ற ஓர் அறையும் கழிவறையும் கட்டலாம். பெண்பிள்ளைகள் பதின்மூன்று வயதோடு விளையாட்டை விடுவதற்குப் பாதிக் காரணம் அந்தக் கழிவறை இல்லாததுதான் என்று ஒரு விளையாட்டு ஆசிரியை என்னிடம் சொன்னார். கிளிநொச்சி நகரத்தில் போர் முடிந்த கொஞ்சக் காலத்தில் தொடங்கிய அரங்கு வருடக்கணக்காக இழுபட்டதைப் பார்த்தவர்கள் பெரிய கட்டடத்தில் மயங்குவதில்லை. ஆனால் பெரியது வேண்டாம், சின்னது போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. தெற்கில் 35,000 ஆசனம் கட்டிய நாடு வடக்குக்குச் சின்னதே அழகு என்று சொன்னால், அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை.

அந்த மூங்கில் தடிக் கிராமத்துக்குப் போன வருடம் போனேன். பாடசாலைக்கு மாடி எழும்பியிருக்கிறது. மஞ்சள் நாடா இல்லை. மிதிவெடி அகற்ற வந்தவர்கள், அவர்களில் முக்கால்வாசி எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள், முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாகக் கிண்டிக் காணியைத் துப்புரவாக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வெளிறிய பந்துகளையும் அவர்கள்தான் எடுத்துக் கொடுத்தார்களாம். கோல் கம்பம் இப்போது இரும்புக் குழாய். ஆனால் வடக்குக் கோலுக்குப் பின்னால், பத்தடியில், சனம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் ஒரு திணைக்களம் நட்ட எல்லைக்கல் இருக்கிறது. அதன்படி பார்த்தால் மைதானத்தில் பாதி ஒதுக்குக் காடு. கழகச் செயலாளர், அன்றைக்கு வயிறு மண்ணில் படக் கிடந்து பந்தைத் துழாவினவர்தான், சைக்கிள் கூடைக்குள் இருந்து ஒரு கோப்பை எடுத்து நான்காவது கடிதத்தின் பிரதியைக் காட்டினார். கழகத்தின் றப்பர் முத்திரை குத்தி, ஒன்பது பேர் ஒப்பம் வைத்திருந்தார்கள். கேட்டிருந்தது, மைதானத்தை அளந்து எல்லை போட்டுத்தர ஒரு நில அளவையாளரை.